பக்கவாட்டில்

ஒத்தக்கடைக்குக் கிழக்கே, வற்றிய கண்மாயில்
காலை ஐந்தே முக்காலுக்குச் சுற்றத் தொடங்குவோம்.
ஆறரைக்கு மேல் யானைமலை சூடேறி
காற்றைக் கிளப்பிவிடும்.
அப்புறம் எடுக்கிற அளவு எதுவும் கணக்கில் நிற்காது.

இருக்கையில் எழுபத்தைந்து கிலோ எம்-சாண்ட்,
மூன்று உரச்சாக்கில், பெல்ட் போட்டு.
ஃபிட்டர் மொக்கராசு அதற்கு
மாப்பிள்ளை என்று பேர் வைத்திருக்கிறான்.
"மாப்பிள்ளை ஏறியாச்சு மேடம்."

பறக்கவிடுவது என் வேலை இல்லை.
பறக்கும்போது கெடுப்பது.
என் முன்னால் எட்டு சிவப்புப் பொத்தான்கள்,
ஒன்றுக்கு ஒரு மோட்டார் சாகும்.
முப்பது மீட்டரில் மூன்றாவதைக் கொன்றேன்.
தடுமாறியது.
எதிர்ப்பக்கத்து விசிறி தானாகத் தணிந்தது,
மற்ற ஆறும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கின.
அது பரவாயில்லை.

இறங்குவதுதான்.

அசையாத காற்றில் நேராக, வேகமாக இறங்கினால்
தான் கீழே தள்ளிய காற்றே
சுருண்டு மேலேறித் தன் தலையில் விழும்.
விசிறி தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும்.
பயந்துபோய் விசையைக் கூட்டினால்
சுழல் இன்னும் தடிக்கும்,
இன்னும் வேகமாக விழும்.

மாசியில் அப்படி விழுந்தது, பன்னிரண்டு மீட்டரிலிருந்து.
பாராசூட்டுக்குப் போதாத உயரம்,
எலும்புக்குப் போதும்.
சாக்கு கிழிந்திருந்தது.
மொக்கராசு இரண்டு கையாலும் மணலை அள்ளி
எடை போட்டு, நாலு கிலோ குறையுது என்றான்.
கண்மாய்த் தரை களிமண், மணல் தனியாகத் தெரியும்.
தேடினோம்.
ஏழு பேர், வெயில் ஏறும்வரை, குனிந்தபடி.
எதற்காகத் தேடினோம் என்று
யாரும் யாரையும் கேட்கவில்லை.

சித்திரைத் திருவிழாவுக்கு ஆறு நாள்
பறக்க அனுமதி இல்லை.
ஏ.வி. பாலத்துக்குப் பக்கத்தில் விடியவிடியக்
கூட்டத்தில் மாட்டி நின்றேன்.
ஏறுவதைப் பார்க்க இந்த ஊரில் யாரும் வருவதில்லை,
இறங்குவதற்குத்தான் இத்தனை லட்சம் பேர்.
இப்படி ஒரு வரி தோன்றியதே தவிர
வேறு ஞானம் எதுவும் வரவில்லை.
கால் வலித்தது.
யாரோ பீய்ச்சிய தண்ணீரில் செல்போன் நனைந்தது.

தப்ப ஒரே வழி பக்கவாட்டில் நகர்வது:
இது எல்லா ஹெலிகாப்டர்காரர்களுக்கும் தெரியும்.
தெரிந்தவர்களுக்கும் அந்த ஒன்றரை விநாடியில்
கை விசையைத்தான் கூட்டுகிறது.
அதனால் கையை நம்ப வேண்டாம் என்று எழுதினேன்:
விழும் வேகம் இவ்வளவைத் தாண்டினால்
யாரையும் கேட்காதே,
இடப்பக்கம் போ.

பணம் போட்டவர்கள் சார்பில் வந்த லோகசுந்தரம்
நிதானமாகக் கேட்டார்:
"ஆஸ்பத்திரி மொட்டைமாடியில
இடப்பக்கம் ஏதும்மா இடம்?"

நல்ல கேள்வி. இரண்டு இரவு தூங்கவிடவில்லை.

ஐப்பசியில் இதே கண்மாயில் தண்ணீர் நின்றபோது
கொக்குகள் வந்திருந்தன.
ஒன்றுகூட நேராக இறங்கி நான் பார்க்கவில்லை.
சரிந்துதான் வரும்,
கடைசி முழத்தில்தான் நிமிரும்.
ஆகவே திருத்தி எழுதினேன்:
செங்குத்தாக இறங்கும் இந்த ஊர்தி
முடிந்தவரை செங்குத்தாக இறங்கக் கூடாது.
"அப்ப பேரை மாத்திரலாமா?" என்றார்.
மாற்றிக்கொள்ளலாம் சார்.

இன்று பழைய வழியில், வேண்டுமென்றே,
நட்டுக்குத்தலாக இறக்கினேன்.
இருபது மீட்டரில் நடுக்கம் தொடங்கியது.
விரல் விசைமேல் இருந்தது. எடுத்தேன்.
மடியில் வைத்துக்கொண்டேன்.

இடப்பக்கம் போனது.

சுண்ணாம்பு வட்டத்தைத் தாண்டி
சீமைக்கருவேலம் வெட்டிப் போட்ட இடத்துக்கு இந்தப்பக்கம்
தூசியைக் கிளப்பிக்கொண்டு உட்கார்ந்தது.
படிவத்தில் ஒரு கட்டம்: இலக்கில் இறங்கியதா?
இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மொக்கராசு பெல்ட்டைக் கழற்றினான்.
கேட்காமலே மூன்று சாக்கையும் தராசில் ஏற்றினான்.
எழுபத்தைந்து கிலோ, முப்பது கிராம்.

"தூசியா இருக்கும்" என்றான்.